“என்னத்தா, நல்லா பூசிட்ட!” – சொந்தக்காரர்கள் உடம்பைப் பற்றிப் பேசினால் என்ன செய்கிறீர்கள்?

#1 · தெப்பக்குளம் · சனி, இரவு 10:40

அடுத்த மாதம் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயிலில் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. கிடா வெட்டு, மொய், மைக்செட் எல்லாம் உண்டு. வீட்டில் எல்லாரும் குஷியாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் இப்போதே வயிற்றைப் பிசைகிறது. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். அங்கே வரப்போகிறவர்கள் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக என்ன சொல்வார்கள் என்பது எனக்கு வரிசையாகத் தெரியும்.

பெரிய அத்தை: “என்னத்தா, மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கிருச்சு போல. நல்லா பூசிட்ட!” சின்ன மாமா என் இடுப்பைப் பார்த்து, “டயர் ஒண்ணா ரெண்டா?” என்பார். சித்தி கொஞ்சம் நாசூக்கு. கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், “ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இப்பவே கொறச்சிரு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரவுக கேட்டா நாங்க என்னன்னு சொல்ல?” என்பார். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்கு டெங்கு வந்தபோது ராத்திரி முழுக்கக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அதே பெரிய அத்தைதான்.

எனக்கு இப்போது 24 வயது. இது சின்ன வயதிலேயே ஆரம்பித்தது. புதுமண்டபத்தில் தையல்காரர்கள் இருந்த காலம். பட்டுப் பாவாடைக்குச் சட்டை தைக்கப் போனோம். தையல்காரர் நாடாவை என் மேல் சுற்றி, நோட்டில் எழுதுகிற பையனுக்குக் கேட்கும்படி அளவை உரக்கச் சொன்னார். “இருக்காதே, இன்னொருக்கா பாருங்க” என்றார் அம்மா. மறுபடி அளந்தார், அதே அளவு. கூட வந்த சித்தி, “எடுத்த துணி பத்துமா?” என்று கேட்டதும் பக்கத்துக் கடைக்காரர் வரைக்கும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்க அன்றைக்குப் பழகினேன். இன்றும் யார் கேமராவைத் தூக்கினாலும் அப்படித்தான் நிற்கிறேன்.

இப்போது பிரச்சினை வேறு இடத்துக்குப் போய்விட்டது. நாலு பேர் முன்னால் என்னால் சாப்பிட முடியவில்லை. “போதும், டயட்டில் இருக்கிறேன்” என்று எழுந்துவிடுவேன். எல்லாரும் படுத்த பிறகு சமையலறைக்குப் போவேன். விளக்கைப் போட மாட்டேன், ஃபிரிட்ஜ் வெளிச்சமே போதும். ஆறிய சோறு, ஊறுகாய், பிஸ்கட், பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த காராச்சேவு, கைக்கு எது கிடைக்கிறதோ அது. பசிக்கவும் செய்யாது, ருசியும் தெரியாது, ஆனால் நிறுத்த முடியாது. பிஸ்கட் உறையை மடித்துக் கைப்பைக்கு அடியில் வைத்து, காலையில் பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டியில் போடுவேன். அன்றைக்குப் பூராவும் பட்டினி. அப்புறம் மறுபடி ராத்திரி.

இது எனக்கு மட்டும்தானா? அம்மாவிடம் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


#2 · கறிதோசைக்கு அடிமை · சனி, இரவு 11:05

தங்கச்சி, நம்ம ஊர் வாய் அப்படித்தான். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுவதில்லை. என்னை வீட்டில் “குண்டா” என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரேஷன் கார்டைத் தவிர வேறு எங்கேயும் எனக்குப் பெயரே கிடையாது. நான் என்ன மூலையில் உட்கார்ந்து அழுதேனா? அழகர் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் முதல் ஆளாக நிற்கிறேன், பந்தியில் முதல் வரிசையில் உட்காருகிறேன். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள். சென்னை அபார்ட்மெண்டில் எதிர்வீட்டுக்காரர் நீங்கள் இளைத்தாலும் பெருத்தாலும் கண்டுகொள்ள மாட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைத் தொட்டாலும் மனநலப் பிரச்சினை என்றால் என்ன செய்வது?


#3 · நோஞ்சான் · சனி, இரவு 11:31

கறிதோசை அண்ணனுக்கு: உங்களுக்கு ஒட்டவில்லை என்பதற்காக யாருக்கும் ஒட்டாது என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள்? நான் எதிர்க் கட்சி. ஒல்லி. “வீட்டுல ஒங்க ஆத்தா சோறு போடலையா?” என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. பெரிய காற்று அடித்தால் “டேய், அவனப் புடிச்சுக்கடா” என்று மாமா கத்துவார். சிரிப்பாகத்தான் இருக்கும், பத்தாவது தடவை வரைக்கும்.

காலேஜ் படிக்கும்போது ஒரு கடையில் “உடம்பு வைக்கிற பவுடர்” என்று பெயர் தெரியாத டப்பா ஒன்றை வாங்கினேன். கூடவே ஒரு மாத்திரை. ஒரு மாதத்தில் முகம் நிலா மாதிரி உப்பிவிட்டது. “இப்பத்தான்டா ஆளு மாதிரி இருக்க” என்று வீட்டில் ஒரே பாராட்டு. டாக்டரிடம் காட்டியபோதுதான் அந்த மாத்திரை டெக்ஸாமெத்தசோன் என்று தெரிந்தது. ஸ்டீராய்டு. நாள்பட எடுத்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாதாம், உடம்பு சொந்தமாகச் சுரக்க வேண்டியது படுத்துவிடுமாம். அலர்ஜிக்குக் கொடுக்கிற சைப்ரோஹெப்டடினையும் இப்படிப் பசி எடுக்க விற்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். பவுடர் விஷயம் வீட்டில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. இதுதான் உங்கள் பதிவில் என்னைப் பிடித்து இழுத்தது, தெப்பக்குளம். நீங்கள் சாப்பிடுவதை மறைக்கிறீர்கள், நான் மாத்திரையை மறைத்தேன்.


#4 · மட்டுறுத்துநர் · ஞாயிறு, காலை 6:50

இரவில் வந்த “21 நாளில் தொப்பை காலி” விளம்பரம் இரண்டும் நீக்கப்பட்டன. இந்த இழையில் யாரும் கிலோ கணக்கையும், ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டேன் என்ற கணக்கையும் எழுத வேண்டாம். படிக்கிற சிலர் அதைப் போட்டியாக எடுத்துக்கொள்வார்கள்.


#5 · இரவுப்பணி · ஞாயிறு, காலை 8:15

மனநல மருத்துவத் துறையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இரவுப் பணி முடிந்து வந்து தூக்கம் வராமல் எழுதுகிறேன், கோர்வை இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெப்பக்குளம், இணையத்தில் எழுதியதை வைத்து இன்ன நோய் என்று யாரும் சொல்லக்கூடாது, நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் சொன்ன வரிசை எங்களுக்கு ரொம்பப் பழக்கமானது. பகலில் பட்டினி, இரவில் கட்டுக்கடங்காமல் தனியாகச் சாப்பிடுவது, அப்புறம் வெட்கம், அந்த வெட்கத்தில் மறுபடி பட்டினி. இது நாக்குருசிக் கதை இல்லை. அளவு மீறி உண்ணும் கோளாறு என்று இதற்கு நெருங்கிய ஒன்றை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் தனி நோயாகவே சேர்த்துவிட்டது. சிகிச்சை உண்டு, குணமும் ஆகிறது.

பட்டினி கிடந்தால் மனம் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1944–45இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் திடமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றில் வைத்துப் பார்த்தார். எல்லாரும் உடம்பும் மனமும் நன்றாக இருக்கிறது என்று சோதித்து எடுத்த ஆட்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். ஆனாலும் கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து போனார்கள். மறுபடி வேண்டிய அளவு கொடுத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. அவர்களை யாரும் குண்டு என்று சொல்லவில்லை. வெறும் பட்டினியே இந்தப் பாடு படுத்தியது. உங்களுக்கு அதன்மேல் சித்தியின் குரலும் சேர்ந்து கேட்கிறது.

ஒன்று மட்டும் கட்டாயம் கேட்க வேண்டும்: சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிறீர்களா? இங்கே பதில் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும். அது இருந்தால் காதுகுத்து முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பல் எனாமல் கரையும், கன்னத்துச் சுரப்பி வீங்கும், அதைவிட முக்கியமாக ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம்.


#6 · கறிதோசைக்கு அடிமை · ஞாயிறு, காலை 9:02

மேடம், மரியாதையுடன் கேட்கிறேன். இது எல்லாம் வெள்ளைக்காரன் ஆராய்ச்சி. மின்னசோட்டாவில் அத்தை உண்டா, கிடா வெட்டு உண்டா? இன்னொன்று. குண்டாக இருக்கிறவனைத்தான் குண்டு என்று சொல்வார்கள். அவன் மனசு சரியில்லை என்றால் அது சொன்னதாலா, உடம்பாலா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?


#7 · இரவுப்பணி · ஞாயிறு, காலை 9:40

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. அதைத்தான் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பிரித்துப் பார்த்தார்கள். 1991–92 வாக்கில் பிறந்த பிள்ளைகளைக் கருவிலிருந்தே தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு அது. 31 வயதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், “எடையை வைத்து உங்களை நீங்களே எவ்வளவு மட்டமாக நினைக்கிறீர்கள்?” என்கிற மாதிரிக் கேள்விகளைக் கேட்டார்கள். பதின்வயதில் வீட்டார் இளைக்கச் சொல்லி நெருக்கிய பிள்ளைகளும், புண்படப் பேச்சு வாங்கிய பிள்ளைகளும் 31 வயதில் தங்களை அதிகம் மட்டமாக நினைத்தார்கள். உடல் எடை வித்தியாசத்தைக் கணக்கில் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. 2024இல் வெளியானது. அதாவது ஒரே எடையில் இருக்கிற இரண்டு பேரில், பேச்சு வாங்கியவருக்குத்தான் உள்ளே தழும்பு அதிகம்.

மின்னசோட்டாவிலும் இன்னொரு நீண்ட ஆய்வு இருக்கிறது, புராஜெக்ட் ஈட் என்று பெயர். பதின்வயதில் எடைக்காகக் கேலி செய்யப்பட்டவர்களை 15 வருடம் கழித்துப் பார்த்தார்கள். அவர்களிடம்தான் உடல் பருமனே அதிகமாக இருந்தது. பெண்களிடம், வீட்டில் வாங்கிய கேலிக்குப் பிறகு, மனக்கவலைக்காகச் சாப்பிடுவதும் அளவு மீறி உண்பதும் சேர்ந்து இருந்தன. இவை எல்லாம் கூடவே இருந்து கவனித்த ஆய்வுகள்தான். இதனால்தான் அது வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கேலி செய்தால் ரோஷம் வந்து இளைப்பான் என்று நம் வீடுகளில் நம்புகிறார்களே, அதற்கு இதில் எங்கேயும் ஆதாரம் கிடையாது.

மின்னசோட்டாவில் அத்தை இல்லை என்பது உண்மை. அங்கே ஒரு தாயும் தகப்பனும் சொல்வதை இங்கே மொத்தக் கொடிவழியும் சொல்கிறது. அதனால் பாதிப்பு குறையும் என்று நினைக்கிறீர்களா?


#8 · பந்திக்காரன் · ஞாயிறு, காலை 11:20

கேட்டரிங் வேலை. வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போகிறவன் கண்ணுக்குத் தெரிவதை எழுதுகிறேன்.

இலையில் உட்கார்ந்திருக்கிற வயசுப்பிள்ளை “போதுங்கண்ணே” என்று கையைக் குறுக்கே வைக்கும். பின்னால் நிற்கிற பெரியம்மா, “என்ன இது கோழி கொத்துன மாதிரி, வைய்யிப்பா நல்லா” என்பார். நான் வைப்பேன். அந்தப் பிள்ளை சாப்பிட ஆரம்பித்ததும் அதே பெரியம்மா எதிர் வரிசையில் இருக்கிறவரிடம், “திங்கிறது பூரா ஒடம்புல ஒட்டுது பாரு” என்பார். வேண்டாம் என்றால் வந்த வீட்டை மதிக்கவில்லை, வேண்டும் என்றால் தின்னிப் பண்டாரம். கிடா விருந்தில் இலையை மடக்கி எழுந்திருப்பதற்குள் ஒரு பிள்ளை எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது தெரியுமா? பையன்களுக்கு இந்தப் பாடு கொஞ்சம் குறைவு. அவர்களுக்குச் சுக்கா இன்னொரு கரண்டி விழும், அவ்வளவுதான்.


#9 · பழங்காநத்தம் · ஞாயிறு, மதியம் 2:10

பந்திக்காரன் அண்ணன் சொன்னது அத்தனையும் சத்தியம்.

எனக்கு 31 வயது. கல்யாணம் ஆகவில்லை, அது இப்போது ஒரு குறையாகவும் தெரியவில்லை. ஆனால் 22 வயதில் தெரிந்தது. தரகர் முதலில் ஒரு போட்டோ வாங்கிப்போனார். அடுத்த வாரம் வந்து, “கழுத்துக்குக் கீழயும் தெரியற மாதிரி, நின்னு எடுத்தது ஒண்ணு கேக்குறாக” என்றார். அம்மா ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், நீளவாக்கில் கோடு போட்ட சேலை கட்டி, கொஞ்சம் திரும்பி நிற்கச் சொன்னார். அந்தப் போட்டோ எத்தனை வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் வீட்டில் சப்பாத்தி எண்ணிக்கை மட்டும் ஒன்று குறையும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒருவிதத்தில் அது சொல்வதைவிட மோசம்.

எனக்குச் சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.எஸ். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் எடை ஏறுவது சுலபம், இறங்குவது கஷ்டம். இதை நான் தெரிந்துகொண்டது ரொம்பத் தாமதமாக. மாதக்கணக்கில் மாதவிலக்கு வராமல் இருந்தும் டாக்டரிடம் போகவில்லை. காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒருமுறை தொண்டை வலிக்கு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, “மொதல்ல வெயிட்டக் கொறைமா, எல்லாம் சரியாகும்” என்றார் அங்கிருந்தவர். எடை குறைந்தால் தொண்டை ஆறுமா? வீட்டில் வாங்கியதையே வெளியிலும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்தேன். அந்த வருடங்களுக்கான விலையை இப்போது சர்க்கரை மாத்திரையாகக் கொடுக்கிறேன்.

அதனால் “ஆரோக்கியத்துக்காகத்தான் சொல்றோம்” என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நீங்கள் சொன்னதால்தான் நான் டாக்டரிடம் போகவில்லை.


#10 · மேலூர்க்காரி · ஞாயிறு, இரவு 8:30

எல்லாரும் பிள்ளைகள் பக்கமே பேசுகிறீர்கள். நான் பெற்றவள் பக்கம் பேசுகிறேன். ஏசுவதென்றால் ஏசுங்கள்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. கொழுந்தனார் 46 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். வயலில் மம்பட்டி பிடித்த உடம்பு, அதற்கே அந்தக் கதி. என் மகனுக்கு 23 வயது. எல்காட் பக்கம் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். ஒரு மணிக்குப் பரோட்டா, சால்னா, கலர். வயிறு முன்னால் வந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? அரசாங்கக் கணக்கே சொல்கிறது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு எடை கூடுதல், ஆண்களில் 37 பேருக்கு. இதைப் பார்த்துவிட்டுப் பெற்றவள் சும்மா இருந்தால் அது பாசமா? மனசு நோகுமே என்று பார்த்தால் உயிர் போய்விடுமே.


#11 · நோஞ்சான் · ஞாயிறு, இரவு 8:52

அம்மா, உங்கள் பயம் நியாயம். ஒன்று கேட்கிறேன். நீங்கள் அவரிடம் சொல்லி அவர் பரோட்டாவை விட்டாரா?


#12 · மேலூர்க்காரி · ஞாயிறு, இரவு 9:10

எங்கே விட்டான். இப்போதெல்லாம் வீட்டில் சாப்பிடுவதே இல்லை. கதவைச் சாத்திக்கொள்கிறான்.


#13 · இரவுப்பணி · திங்கள், காலை 7:45

மேலூர் அம்மா, உங்களை யாரும் ஏசப்போவதில்லை. நீங்கள் சொன்ன கணக்கு சரி. சொல்லப்போனால் நம் ஆட்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். மேல்நாட்டில் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 25க்கு மேல் போனால்தான் எடை கூடுதல் என்பார்கள். நமக்கு 23லேயே ஆரம்பம் என்று இந்திய மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். காரணம், அதே எடையில் நமக்கு வயிற்றுக்கொழுப்பும் சர்க்கரையும் சீக்கிரம் வருகின்றன. ஆகவே “எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம்” என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் மகன் கதவைச் சாத்திக்கொண்டதைக் கவனியுங்கள். இந்த இழையில் எழுதிய பிள்ளைகள் மூன்று பேரும் ஏதோ ஒன்றை மறைத்தவர்கள். ஒருவர் சாப்பாட்டை, ஒருவர் மாத்திரையை, ஒருவர் மாதவிலக்கை. உடம்பைப் பற்றிப் பேச்சு வாங்கினால் உடம்பு குறைவதில்லை, கண்ணில் படுவதுதான் குறைகிறது. கண்ணில் படாத பிள்ளைக்கு நீங்கள் எப்படி வைத்தியம் பார்ப்பீர்கள்?

எதைப் பேசுவது என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. முன்னே சொன்ன புராஜெக்ட் ஈட் குழுவினரே 2013இல் வெளியிட்டது. பிள்ளையின் எடையைப் பற்றிப் பேசுகிற பெற்றோரின் பிள்ளைகள் பட்டினி, மாத்திரை, அளவு மீறி உண்பது என்று அதிகம் போனார்கள். எடையைத் தொடாமல் நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைவு, எடை கூடுதலான பிள்ளைகள் இருந்த வீடுகளிலும்கூட. “வயிறு வச்சிருச்சு” என்பதற்கும் “ராத்திரி ஷிப்டுக்குச் சுண்டலும் முட்டையும் கட்டித் தரவா?” என்பதற்கும் அவ்வளவு தூரம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உடம்புவாகு பெரும்பாலும் பிறப்போடு வருவது. டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகள் 540 பேரைப் பார்த்து 1986இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் எடை பெற்றவர்களை ஒத்திருந்தது, வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. “இவ அப்படியே அவ அப்பத்தா” என்று நம் வீட்டில் சொல்கிறார்களே, அதேதான். அப்பத்தாவை யாரும் டயர் எண்ணவில்லை.


#14 · கறிதோசைக்கு அடிமை · திங்கள், காலை 9:30

சரி, கேலி வேண்டாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். அப்படியானால் உறவுமுறைக் கேலி என்று ஒன்றே இருக்கக்கூடாதா? மாமன் மச்சான் கிண்டல் இல்லாமல் ஒரு விசேஷ வீடா? எல்லாரும் “வணக்கம், நலமா” என்று கைகூப்பிவிட்டுப் போவதற்கு வங்கிக் கிளை போதுமே.


#15 · பழங்காநத்தம் · திங்கள், காலை 10:05

கிண்டலை யார் வேண்டாம் என்றார்கள்? என் மாமா ஓட்டுகிற டிவிஎஸ் வண்டியை வைத்து நான் செய்கிற கிண்டலுக்கு அளவே கிடையாது. அவரும் என் சமையலை விட்டுவைப்பதில்லை. மாற்றிக்கொள்ள முடிகிறதை, சரிக்குச் சரி நின்று, திருப்பிச் சொல்ல முடிகிறவரிடம் சொன்னால் அது கிண்டல். பன்னிரண்டு வயசுப் பிள்ளை மாமாவிடம் திருப்பி “ஒங்க வழுக்க எப்படி இருக்கு?” என்று கேட்கட்டும் பார்ப்போம், என்ன கிடைக்கும் என்று.


#16 · தெப்பக்குளம் · திங்கள், இரவு 9:50

எல்லாருக்கும் நன்றி. பஸ்ஸில் போகும்போது மறுபடி மறுபடி படித்தேன். இரவுப்பணி அக்கா கேட்டதற்கு என் பதில் எனக்குத் தெரியும். தள்ளிப்போடவில்லை.

அம்மாவிடம் பேச இரண்டு தடவை வாய் வரை வந்து நின்றுவிட்டது. முழுக்கதையையும் சொன்னால் “என்னாலதான் எல்லாம்னு சொல்றியா?” என்று அழ ஆரம்பித்துவிடுவார். அப்புறம் நான்தான் சமாதானம் செய்ய வேண்டும். பதிலுக்குப் பதில் பேசச் சொல்லித் தோழிகள் சொல்கிறார்கள். “நீங்களும்தான் நரைச்சுப்போனீங்க அத்தை” என்று சொன்னால் எனக்கு ஒரு நிமிடம் நன்றாக இருக்கும். சாயங்காலத்துக்குள் “படிச்ச திமிரு” என்று உசிலம்பட்டி வரைக்கும் போய்விடும்.


#17 · இரவுப்பணி · செவ்வாய், காலை 8:20

முழுக்கதையும் ஒரே நாளில் வேண்டாம். ஒரே ஒரு வேலையை அம்மாவிடம் கேளுங்கள். “காதுகுத்துல யாராச்சும் என் ஒடம்பப் பத்திப் பேச ஆரம்பிச்சா, நீ பேச்ச மாத்தி விடும்மா. எனக்கு அது ஒண்ணு போதும்.” பெரும்பாலான அம்மாக்களுக்கு மன்னிப்புக் கேட்பது கஷ்டம், காவலுக்கு நிற்பது சுலபம். அத்தை ஆரம்பித்ததும், “மதினி, கெடா எத்தன கிலோ நின்னுச்சு?” என்று அவர் குறுக்கே கேட்டால் போதும், பேச்சு அந்தப் பக்கம் ஓடிவிடும். சித்திக்கு, ஓரமாகக் கூப்பிடுவதற்கு முன்பே நீங்களே ஒரு வரி போன் செய்து சொல்லிவிடலாம்: “டாக்டரப் பாத்துக்கிட்டு இருக்கேன் சித்தி, இப்போதைக்கு எடையப் பத்திப் பேச வேணாம்னு சொல்லியிருக்காக.” பழியை டாக்டர் மேல் போடுங்கள், அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

அதற்கு நிஜமாகவே டாக்டரைப் பார்க்க வேண்டும். சென்னையில் இருக்கும்போதே 14416க்கு அழைக்கலாம். டெலி மானஸ், அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஊருக்கு வரும்போது நேரில் என்றால் கோரிப்பாளையம் பக்கம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். போனதும் “எடை” என்று ஆரம்பிக்காதீர்கள். “பகலில் சாப்பிட முடியவில்லை, இரவில் நிறுத்த முடியவில்லை” என்று எங்களுக்கு எழுதியதையே சொல்லுங்கள். பொட்டாசியத்துக்கு ரத்தப் பரிசோதனை எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதுவரைக்கும் ஒரே ஒரு மாற்றம்: ராத்திரி என்ன நடந்திருந்தாலும் காலை இட்லியை விடாதீர்கள். பட்டினியில்தான் அந்தச் சக்கரம் சுற்றுகிறது.


#18 · தெப்பக்குளம் · செவ்வாய், இரவு 10:15

14416க்குப் பேசினேன். எடுத்தவர் முதலில் கேட்டது என் எடையை இல்லை, தூக்கத்தை. வெள்ளிக்கிழமை பாண்டியன் ரயிலில் வருகிறேன், சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரி. அம்மாவிடம் “பேச்ச மாத்தி விடும்மா” மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “ஒன் சின்ன மாமன் வாயத்தான் அடைக்க முடியாது, மத்தவுகளப் பாத்துக்கிறேன்” என்றார்.


#19 · மேலூர்க்காரி · புதன், காலை 6:40

சுண்டல் கட்டிக் கொடுத்தேன். டப்பா காலியாகத்தான் வந்தது. அவன் தின்றானா, கூட்டாளிகள் தின்றார்களா தெரியாது. கேட்கவில்லை. இப்போது என் கவலை சர்க்கரைதான். அப்பனுக்கு இருக்கிறது, இவனுக்கும் பார்த்துவிட வேண்டும். வயிற்றைப் பற்றிப் பேசாமல் பரிசோதனைக்கு எப்படிக் கூப்பிடுவது?


#20 · பழங்காநத்தம் · புதன், காலை 7:05

அவரை மட்டும் கூப்பிடாதீர்கள் அம்மா. உங்கள் ஊருக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வருகிற அக்கா இருப்பார் இல்லையா? அவர் வரும் அன்றைக்கு வீட்டில் எல்லாருமாக உட்காருங்கள். முதலில் நீங்கள் விரலை நீட்டுங்கள், அப்புறம் உங்கள் வீட்டுக்காரர், கடைசியில் மகன்.


#21 · மேலூர்க்காரி · புதன், காலை 7:20

மகன்கூட நீட்டிவிடுவான். அவன் அப்பாவுக்கு ஊசி என்றாலே தலைசுற்றும். அவரை எப்படி உட்கார வைப்பது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.